உறங்குவதற்கு ஓர் ஊர்

பார்சிலோனா செல்பவர்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகளில் ஒன்று இப்போது ஏறத்தாழ ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. நகருக்குள் அறை எடுக்காதீர்கள், கொள்ளை விலை. பக்கத்தில் ஓஸ்பித்தலேத் என்றொரு புறநகர் இருக்கிறது, அங்கே தங்குங்கள். முதலாம் எண் மெட்ரோவில் ஏறினால் இருபது நிமிடத்தில் பிளாசா காத்தலூன்யா. அந்த ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை; ஆனால் இரவு தூங்குவதற்கு மட்டும்தானே?

இந்த அறிவுரையின் முதல் பகுதியோடு எனக்குப் பிணக்கு இல்லை. கையில் காசு குறைவாக உள்ளவன் மலிவான அறையைத் தேடுவது இயல்பு. என் எதிர்ப்பெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தின்மீதுதான். அது ஓர் ஊரைப் பற்றிய தகவல் போலத் தோற்றமளிக்கிறது. உண்மையில் அது ஒரு தீர்ப்பு. இரண்டே முக்கால் லட்சம் பேர் பிறந்து, உழைத்து, சண்டையிட்டு, மூப்படையும் ஓரிடத்தைப் பார்வைக்குத் தகுதியற்றது என ஒதுக்கும் தீர்ப்பு. பயணக் கட்டுரை எழுதுவோரும் இதை யோசனையின்றித் திருப்பிச் சொல்கிறார்கள். தமிழில் பார்சிலோனா என்றால் கௌதியின் தேவாலயம், லா ராம்ப்லா, கால்பந்து மைதானம் என்ற வரிசை மாறாது. கட்டுரையாளர் இரவில் எங்கே படுத்தார் என்பது அறை வாடகைத் தொகையாக ஒருமுறை வந்து மறைந்துவிடும்.

முதலில் ஓஸ்பித்தலேத் எது என்று பார்ப்போம். அதன் பரப்பு 12 சதுர கிலோமீட்டர் சொச்சம். மக்கள்தொகையில் காத்தலோனியாவின் இரண்டாவது நகரம். லா ஃப்ளோரிதா, தொராஸா, கோல்ப்ளாங் முதலிய அதன் வடபகுதிக் குடியிருப்புகள் ஐரோப்பாவிலேயே மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களில் அடங்கும். பார்சிலோனாவுக்கும் அதற்கும் நடுவே வயலோ வெற்றுநிலமோ கிடையாது. ரியேரா ப்ளாங்கா என்ற தெருவின் ஒரு நடைபாதை பார்சிலோனா, எதிர் நடைபாதை ஓஸ்பித்தலேத். தெருவைக் கடப்பவனின் கால்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. நகராட்சி மாறுகிறது, வீட்டு வாடகை மாறுகிறது, முகவரியைக் கேட்பவரின் முகபாவம் மாறுகிறது.

இந்த எல்லை எப்போது உயிர்பெறுகிறது, எப்போது மறைந்துபோகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உலகின் செல்பேசி நிறுவனங்களெல்லாம் கூடும் மாபெரும் கண்காட்சி 2013 முதல் கிரான் வியா பொருட்காட்சி வளாகத்தில் நடைபெற்று வருகிறது (பெருந்தொற்றால் 2020இல் மட்டும் கைவிடப்பட்டது). செய்தித்தாள்கள் அதைப் 'பார்சிலோனாவில் நடக்கும் கண்காட்சி' என்று எழுதுகின்றன. வளாகத்தின் முகவரியோ ஓஸ்பித்தலேத். அதனருகே ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தொயோ இதோ வடிவமைத்த இரட்டைக் கோபுரங்களும் நிற்பது ஓஸ்பித்தலேத் மண்ணில்தான். பெருமைக்குரியது எதுவானாலும் அது பார்சிலோனாவின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. துணி உலரும் பால்கனிகளும் மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிகளும் மட்டுமே ஓஸ்பித்தலேத்தின் பெயரில் எஞ்சுகின்றன. அதன்பிறகு 'அங்கே ஒன்றுமில்லை' என்று சொல்வது எளிது.

*

இந்த ஊர் எவ்வாறு உருவானது? 1920களில் பார்சிலோனா இரண்டு பெரிய காரியங்களில் இறங்கியிருந்தது. ஒன்று 1929ஆம் ஆண்டின் சர்வதேசப் பொருட்காட்சி, மற்றொன்று மெட்ரோ. இரண்டுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வறண்ட தென்கிழக்கிலிருந்து, குறிப்பாக மூர்ஸியாவிலிருந்து, ஏழைக் குடும்பங்கள் திரள்திரளாக வந்து சேர்ந்தன. அவர்களில் கணிசமானோர் குடியேறிய இடங்களுள் ஒன்று தொராஸா. 1926இல் திறக்கப்பட்ட குறுக்குவழி மெட்ரோவே பின்னாளில் முதலாம் எண் பாதை ஆயிற்று. மலிவான அறையிலிருந்து நம்மை இருபது நிமிடத்தில் நகர மையத்துக்குக் கொண்டுசேர்க்கும் அதே பாதைதான். மெட்ரோவுக்காக மண்ணுக்கடியில் மண்வெட்டி பிடித்த கைகளில் மூர்ஸியாக்காரர்களின் கைகள் ஏராளம்.

வந்தவர்களை நகரம் எவ்வாறு வரவேற்றது? தெற்கிலிருந்து அவர்களை ஏற்றிவந்த பேருந்துக்கு 'ட்ரான்ஸ்மிசேரியா' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். சைபீரிய நெடுந்தொடர்வண்டியின் பெயரைத் திருகி, வறுமையைக் கடந்து வரும் வண்டி எனும் பொருளில் அமைத்த கேலி அது. கார்லெஸ் ஸெந்தீஸ் என்ற இளம் பத்திரிகையாளர் 1930களின் தொடக்கத்தில் அப்பேருந்தில் தாமே பயணம் செய்து தொடர்கட்டுரை எழுதினார். காத்தலோனியா இங்கே முடிகிறது, மூர்ஸியா இங்கே தொடங்குகிறது என்று தொராஸாவில் எழுதி வைக்கப்பட்டிருந்ததாக இன்றும் சொல்லப்படுகிறது. பின்னர் வந்த தலைமுறையினருக்கு 'சர்னேகோ' என்ற வசைச்சொல் காத்திருந்தது.

இரண்டாவது அலை ஃப்ராங்கோவின் ஆட்சிக்காலத்தில் எழுந்தது. அந்தலூஸியா, எக்ஸ்த்ரெமதூரா மாகாணங்களின் நிலமற்ற கூலிகள் வடக்கே வந்தார்கள். 1950இல் ஏறத்தாழ எழுபதாயிரமாக இருந்த ஓஸ்பித்தலேத்தின் மக்கள்தொகை 1970இல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை எட்டியது. இருபதே ஆண்டுகளில் ஓர் ஊர் மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகினால் அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பெல்விட்ஜ் என்ற பகுதியில், யோப்ரகாத் ஆற்றின் வண்டல் படிந்த விளைநிலத்தின்மீது, 1960களின் நடுவில் அடுக்குமாடித் தொகுதிகள் எழும்பத் தொடங்கின. ஆலையில் வார்த்த பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திய, ஒன்றைப் போலவே மற்றொன்று அமைந்த கட்டடங்கள். வீடுகள் முதலில் வந்தன. செப்பனிட்ட தெருவும் பள்ளியும் வெகுகாலம் கழித்தே வந்தன.

பெல்விட்ஜ் நிலையத்தில் இறங்கி நடப்பவன் இன்று காண்பது இவ்வளவுதான்: நெடுநெடுவென்ற தொகுதிகள், அவற்றினிடையே தாராளமான திறந்தவெளி, மரநிழலில் அமர்ந்திருக்கும் முதியவர்கள், அடுக்குமாடிகளின் காலடியில் குன்றி நிற்கும் ஒரு பழைய சிற்றாலயம். அழகற்ற ஓரிடத்தில் இவ்வளவு வெளி எப்படி வாய்த்தது என்ற கேள்வி அவனுக்குள் எழ வேண்டும். கட்டுமான நிறுவனம் அந்த வெளியையும் விட்டுவைக்க எண்ணவில்லை. மேலும் தொகுதிகளைக் கட்டவே விரும்பியது. 1970களின் நடுவில் குடியிருப்பாளர்கள் 'இனி ஒரு தொகுதியும் வேண்டாம்' என்ற முழக்கத்துடன் தெருவில் இறங்கினார்கள். சர்வாதிகாரி சாகக் கிடந்த, பின்பு செத்த, ஆனால் அவருடைய காவல்துறை சாகாமலிருந்த காலம் அது. அவர்கள் வென்றார்கள். பயணி இளைப்பாறும் அந்த நிழல் போராடிப் பெற்ற நிழல். கையேட்டில் அதற்கு நட்சத்திரக் குறி கிடையாது. சென்ற நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாற்றை ஒரு மர இருக்கையில் அமர்ந்தபடி அறிந்துகொள்ள இதைவிட நல்ல இடங்கள் அதிகமில்லை.

*

இலக்கிய வாசகர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஒன்றுமில்லாத' இந்தப் புறநகர்களிலிருந்துதான் பார்சிலோனாவைப் பற்றிய முக்கியமான எழுத்துகள் சில பிறந்தன. ஃப்ரான்ஸிஸ்கோ காந்தெல் (1925–2007) குழந்தையாகவே வலென்ஸியப் பகுதியிலிருந்து வந்தவர், நகர விளிம்பின் மலிவுவீட்டுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1957இல் வெளிவந்த அவருடைய நாவலின் தலைப்பை 'நகரம் தன் பெயரை மாற்றிக்கொள்ளும் இடம்' என்று தமிழில் சொல்லலாம். அதில் தங்களை அடையாளம் கண்டுகொண்ட அண்டைவீட்டார் கொதித்தெழுந்தார்கள். எழும்பிய கூச்சலைப் பற்றியே அவர் பின்னர் மற்றொரு நூல் எழுத நேர்ந்தது. புறநகரை எழுதுவது பற்றிய எளிய பாடம் ஒன்று இதிலிருக்கிறது: அங்கிருப்பவர்களுக்கும் கண்கள் உண்டு, அவர்களும் நம்மைப் படிப்பார்கள். 1964இல் தணிக்கையின் வெட்டுகளோடு வெளியான அவரது 'மற்றைய காத்தலான்கள்', வந்தேறிகள் என இகழப்பட்டவர்களையும் காத்தலான்கள் என்றே அழைத்தது. ஜனநாயகம் திரும்பியபின் 1979இல் காந்தெல் ஓஸ்பித்தலேத் நகரமன்றத்தில் பண்பாட்டுத் துறைப் பொறுப்பேற்றார். எழுதியதற்குக் கடன்பட்டவர்போல் அங்கே வந்து பணியாற்றினார்.

இன்னொரு நூல் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானின் 'தென்கடல்கள்'. 1979இல் பிளானெத்தா பரிசு பெற்ற துப்பறியும் நாவல். ஸ்டூவர்ட் பெத்ரெல் என்ற செல்வந்தர் ஓவியர் கோகனைப் போலப் பாலினேசியத் தீவுகளுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மறைந்துபோகிறார். ஓராண்டுக்குப்பின் கத்திக்குத்துப்பட்ட அவருடைய பிணம் கிடைக்கிறது. அந்த ஓராண்டு அவர் எந்தத் தீவுக்கும் போகவில்லை. ஸான் மகீன் என்ற தொழிலாளர் புறநகரில் பொய்ப்பெயரில் வாழ்ந்திருக்கிறார். மலிவான பொருட்களால் அந்தக் குடியிருப்பைக் கட்டி லாபம் ஈட்டியதே அவருடைய கூட்டம்தான். ஸான் மகீன் கற்பனைப் பெயர். பெல்விட்ஜையும் அதையொத்த குடியிருப்புகளையும் மனத்தில் வைத்துப் படைக்கப்பட்டது என்றே வாசகர்கள் கொள்கிறார்கள்.

இந்த நாவலை நான் இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. புறநகரைப் பார்க்கத் தவறும் இரண்டாவது வழியை அது காட்டுகிறது. முதல் வழி, அதைப் படுக்கையாக மட்டும் கருதுவது. இரண்டாவது, அதைத் தென்கடல் தீவாகக் கருதுவது. சுற்றுலாக் கூட்டத்தால் சலிப்புற்ற நுண்ணுணர்வாளன் 'அசலான' பார்சிலோனாவைத் தேடித் தொராஸாவுக்கு வருகிறான். டொமினிக்க முடிதிருத்தகத்தையும் பாகிஸ்தானியரின் மளிகைக் கடையையும் மொராக்கோ இறைச்சிக் கடையையும் வண்ணப்படம் எடுக்கிறான். 'இங்கேதான் உண்மையான வாழ்க்கை' என்று எழுதுகிறான். ஏழ்மைக்கு ஒரு மணம் உண்டு என்றும் அது தன் எழுத்துக்கு வளம் சேர்க்கும் என்றும் நம்பும் இந்த மனப்பான்மை, அறை வாடகையைக் கணக்கிடுபவனின் அலட்சியத்தைவிட மேலானதல்ல. அலட்சியக்காரனாவது யாருடைய வாழ்க்கையையும் தன் அழகியல் அனுபவமாக மாற்றுவதில்லை.

*

ஒரு மறுப்பு எழக்கூடும். ஏழைப் பயணிக்கும் உலகைக் காண உரிமையில்லையா? மலிவான இடத்தில் தங்குவதற்கும் வரலாற்றுத் தேர்வு எழுத வேண்டுமா? நியாயமான கேள்வி. 'ஓஸ்பித்தலேத்' என்ற பெயருக்கே சிறு சத்திரம் என்றுதான் பொருள். இடைக்காலத்தில் சாலையோரம் வழிப்போக்கர்களுக்காக அமைந்த ஒரு தங்குமிடமே ஊருக்குப் பெயர் தந்தது. ஆகவே வழிப்போக்கன் அங்கே உறங்குவதை அந்த ஊரின் பெயரே அனுமதிக்கிறது.

ஆனால் சத்திரத்தில் தங்குவது ஒன்று, ஒரு குடும்பத்தின் வீட்டைச் சத்திரமாக மாற்றுவது வேறு. பார்சிலோனா நகரமன்றம் 2024 ஜூனில், நகரிலுள்ள பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப்பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அடுத்த மாதமே ஆர்ப்பாட்டக்காரர்கள் சுற்றுலாப் பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கியால் நீர் பீய்ச்சிய படங்கள் உலகெங்கும் பரவின. பலருக்கு அது வேடிக்கையாயிற்று. நகரம் கதவைச் சாத்தும்போது தேவை எங்கே நகரும்? தெருவின் எதிர் நடைபாதைக்கு நகரும் என்று அஞ்சுவதற்குப் பெரிய பொருளாதார ஞானம் தேவையில்லை. 'மலிவு' என்பது ஓர் ஊரின் தட்பவெப்பம் அல்ல. தோட்டி முதல் செவிலி வரை குறைந்த ஊதியக்காரர்கள் வாழ்வதற்கு எஞ்சிய ஒரே வசதி அது. அதைப் பயணிகள் கண்டுபிடித்துக் கொண்டாடத் தொடங்கும்போது அது தீர்ந்துபோகத் தொடங்குகிறது. கண்ணியமான குடியிருப்பு ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 1978ஆம் ஆண்டின் ஸ்பானிய அரசியல் சாசனம், அதன் 47ஆம் பிரிவில். அந்தப் பிரிவு காகிதத்தில் நலமாக இருக்கிறது.

ஸ்பானிய மொழியில் இத்தகைய ஊர்களைப் 'படுக்கையறை நகரம்' என்பார்கள். அங்கு வாழும் யாரும் அச்சொல்லை விரும்புவதில்லை. அதிலுள்ள கசப்பை உணரக் காலை மெட்ரோவே போதும். மலிவான அறையில் உறங்கி எழுந்த பயணி நகரைக் காண்பதற்காக ஏறுகிறான். அதே பெட்டியில், அந்த நகரத்து விடுதிகளின் படுக்கைகளை விரிப்பதற்காகப் பெண்கள் ஏறுகிறார்கள். விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் ஸ்பெயின் முழுதும் அமைப்பாகத் திரண்டு, ஊதியத்துக்காகவும் முதுகுவலியைத் தொழில்நோயாக ஏற்கச் செய்யவும் போராடி வருகிறார்கள். யார் யாருடைய உறக்கத்துக்கு உழைக்கிறார்கள் என்பது அந்தப் பெட்டியில் தெளிவாகத் தெரியும். கைபேசியில் அடுத்த நுழைவுச்சீட்டைத் தேடிக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாது.

பயணக் கட்டுரையாளரிடம் நான் கேட்பது அதிகமில்லை. படுத்த ஊரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். அறை வாடகை ஏன் குறைவு என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். நீங்கள் ஏறிய மெட்ரோவைத் தோண்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள், இப்போது அவர்களுடைய பழைய வீடுகளில் குடியிருப்பவர்கள் எங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதற்குப் பின்னும் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றினால், தாராளமாக எழுதுங்கள். அப்போது அது நீங்களே கண்டு சொன்னதாக இருக்கும். இப்போது எழுதப்படுவது, போகாமலே சொல்லப்பட்ட தீர்ப்பை அங்கே படுத்துறங்கிவிட்டு வந்து ஒப்பிப்பது.