ஊசி போட்ட மறுநாள்

இந்த வருஷம் ஃபுளூ ஊசியே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். "போன வருஷம் நல்லா இருந்தவளைக் கூட்டிட்டுப் போயி நீதானே காய்ச்சல்ல படுக்க வச்ச?" காலையெல்லாம் வானொலியில் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு வீட்டில் பதில் வரவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஜொகூர் பாருவில் எங்கள் தாமான் கிளினிக்கில் ஊசி போட்ட அன்று இரவே கைவலி, உடம்புவலி, லேசான காய்ச்சல். பெனடோல் சாப்பிட்டார், மறுநாள் சரியாகிவிட்டது. நான்காம் நாள் இருமல் வந்தது. அதையும் ஊசியின் கணக்கில் எழுதிவிட்டார்!

முதல் நாள் காய்ச்சல் ஊசியால் வந்ததுதான். கிளினிக்குகளில் வழக்கமாகப் போடும் ஃபுளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. செயலிழக்கச் செய்த கிருமியின் கூறுகள்தான் இருக்கின்றன. அதை அடையாளம் கண்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்யும்போது ஊசி போட்ட இடம் வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் அடிக்கும். ஓரிரு நாளில் போய்விடும். இருமல் வேறு கதை. பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதற்குள் ஃபுளூவே தொற்றலாம்; சாதாரணச் சளியை இந்த ஊசி எப்போதும் தடுக்காது. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததை அம்மா மறந்துவிட்டார். அங்கே எத்தனை பேர் தும்மினார்களோ!

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: உதடு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு. மிக அரிது, வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வது இதற்குத்தான். நாம்தான் கார் பார்க்கிங்கை நினைத்துக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது. அவர் வயதில் ஃபுளூ வந்தால் நிமோனியா வரை போகலாம். 2025 அக்டோபரில் ஒரே வாரத்தில் நாடு முழுக்க 97 இன்ஃபுளுவென்சா கிளஸ்டர்கள் பதிவாயின. முந்தைய வாரம் வெறும் 14. பெரும்பாலும் பள்ளிகளில். பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து நேராக வருவது பாட்டியின் மடிக்குத்தானே?

60 வயதைத் தொட்டு, இனிப்புநீர், இருதய நோய் போன்றவை உள்ளவர்களுக்குச் சுகாதார அமைச்சு இந்த ஊசியை இலவசமாகப் போட்டு வருகிறது. மைசெஜாத்ராவில் பதியலாம்.

"சனிக்கிழமை போட்டுக்கலாம்மா. ஞாயித்துக்கிழமை நீங்க படுத்துக்குங்க, சமையல் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ சமைச்சா அதுக்கே காய்ச்சல் வந்துரும்" என்றவர், கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.