தொடர்கதையின் முடிவு

வாரந்தோறும் வெளிவரும் தொடர்கதையை எழுதப் புகுவோர் அதன் முடிவை முன்னரே தெளிந்திருத்தல் வேண்டும். அச்சேறிவிட்ட அத்தியாயத்தைப் பின்னர்த் திருத்துதல் இயலாதன்றோ? கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களாக விரிந்தது. கிளைக்கதைகள் பல வந்து கலந்தும் கதை வழி தவறவில்லை. உத்தம சோழர்க்கு ஆட்சியில் விருப்பம் இருந்தவரை அருள்மொழிவர்மர் அரியணையை நாடவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். அவ்வரலாற்றுச் செய்தியே கதை சென்று சேரவேண்டிய கரையாயிற்று. இறுதிப் பாகத்தின் பெயரும் 'தியாகச் சிகரம்' என்பதே. ஏனைய பாத்திரங்கள் என்ன ஆயினர் என்று வாசகர் பலர் வினவினர். ஆசிரியரும் முடிவுரை எழுதி விடையிறுத்தார். வினவியது இயல்பே, எனினும் அதனைக் கதையின் குறையாக நான் கருதவில்லை. மணிமுடியை மற்றொருவர் தலையில் சூட்டிய காட்சிக்குப் பின்னர், எவருக்கு எங்கே மணம் நிகழ்ந்தது என்று அடுக்கிக்கொண்டே சென்றிருந்தால், அத்தியாகத்தின் ஒளி மங்கியிருக்கும்.