ராத்திரிக் கடலில் யாருக்கு வழி?

பட்டணம் தூங்கப் போகிற நேரத்தில் கடற்கரையில் ஒரு கூட்டம் கண் விழிக்கிறது.

கடைசி பஸ் டிப்போவுக்குத் திரும்பிவிடும். கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுவார். அதற்கு அப்புறம்தான் திருவொற்றியூர் பக்கம், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் மேல் தூண்டில்காரர்கள் வந்து உட்காருவார்கள். கையில் தங்கூசி நரம்பு. நுனியில் முள், ஈயக்குண்டு, ஒரு துண்டு இறால். கெளுத்தியோ கிழங்கானோ மாட்டினால் வீட்டுக் குழம்புக்கு ஆச்சு. கொடுவா மாட்டினால் கையில் நாலு காசு!

அவர்களுக்கு எதிரே, இருட்டுக்குள், ஃபைபர் படகுகள் வலை விரித்துக் காத்திருக்கின்றன. அதற்கும் அப்பால் விசைப்படகுகளின் எஞ்சின் சத்தம்.

மூன்று பேருக்கும் வேண்டியது மீன். இடம் ஒரே கரையோரம். நேரம் ஒரே ராத்திரி. சண்டை வராமல் இருக்குமா?

மூளுவது இப்படித்தான்

வலை விரிக்க இடம் தேடி ஒரு படகு பாறைக்கு நெருக்கமாக வருகிறது. கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நரம்பு படகுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பகலிலேயே தெரியாத நரம்பு ராத்திரியில் எப்படித் தெரியும்?

நரம்பு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்கிறது. தூண்டில்காரருக்கு முள் போச்சு, நரம்பு போச்சு, ராத்திரிப் பிழைப்பும் போச்சு. படகுக்காரருக்கோ எஞ்சின் நின்று போச்சு. அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளுகிறது. அது உயிர் போகிற விஷயம்!

"யோவ், கண்ணு தெரியலையா?" என்று கரையிலிருந்து ஒரு குரல். "கடலு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று படகிலிருந்து பதில். ஈயக்குண்டு பறக்கிறது. கல் பறக்கிறது. விடிந்தால் இரண்டு குப்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இது சின்னச் சண்டை. பெரிய சண்டை கொஞ்சம் தள்ளி நடக்கிறது. ஃபைபர் படகுக்காரர் விரித்த வலைமேல் விசைப்படகு ஏறிப் போனால் வலை கந்தல். அந்த வலை கடன் வாங்கி வாங்கியது. வலை கிழிந்தாலும் கடன் கிழியாது. வட்டியும் நிற்காது.

ராத்திரியோடு ராத்திரியாகக் கரையோரத்தை இழுவலை வாரிக்கொண்டு போய்விட்டால், விடிகாலையில் கரைவலை இழுக்கிறவர்கள் கைக்கு வருவது பாசியும் குப்பையும்தான்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது! சும்மா வரவில்லை. அடிதடியில் பிறந்த சட்டம் அது.

இறால் ஏற்றுமதிக்குக் கிராக்கி ஏறியதும் விசைப்படகுகள் கரையோரத்துக்கே வந்தன. 1970-களில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் பல இடங்களில் மோதல் நடந்தது. இந்தப் பட்டணத்திலும் நடந்தது. படகுகள் எரிந்தன. உயிர்களும் போயின. 1976-ல் மத்திய அரசு இதை ஆராய ஒரு கமிட்டி போட்டது. கோவாவிலும் கேரளத்திலும் 1980-ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1983-ல் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது.

கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று அப்போது கோடு போட்டார்கள். 3 கடல் மைல் என்றால் ஐந்தரை கிலோ மீட்டர். ஏறக்குறைய சென்ட்ரலிலிருந்து மயிலாப்பூர் போகிற தூரம். காலை 5 மணிக்கு முன்னால் புறப்படக் கூடாது, இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்று நேரமும் குறித்தார்கள்.

பின்னால் திருத்தங்கள் வந்தன. ஆனால் அடிப்படை ஒன்றுதான். கரையோரம் சின்ன ஆளுக்கு. பெரிய எஞ்சின் வெளியே போக வேண்டும்.

காகிதத்தில் கோடு பளிச்சென்று தெரிகிறது. தண்ணீரில் தெரிகிறதா? அதுவும் அமாவாசை ராத்திரியில்?

அவர்கள் பக்கமும் கேட்க வேண்டும்

விசைப்படகில் போகிறவர்களும் வயிற்றுப் பிழைப்புக்காரர்கள்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கிடைத்த மீனில் பங்கு. டீசல், ஐஸ் செலவு போகத்தான் மிச்சம். இறால் பகலில் மண்ணில் புதைந்து கிடக்கும், ராத்திரியில் வெளியே வரும். அது நிறைய கிடைப்பதும் கரையோரத்தில்தான். "வெறுங்கையோட எப்படிய்யா கரைக்குப் போறது?" என்கிற நினைப்பில் கோட்டைத் தாண்டுகிறார்கள். காரணம் புரிகிறது. அதற்காக அடுத்தவன் வலையைக் கிழிப்பது நியாயமாகிவிடுமா?

பல நாள் கடலில் தங்கிவிட்டுக் காசிமேட்டுக்குத் திரும்பும் படகு கரையோரத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. வழியில் விளக்கே இல்லாமல் வலை கிடந்தால் அவர் மட்டும் என்ன செய்வார்?

விளக்கு! விஷயம் அங்கேதான் இருக்கிறது.

விளக்கு எங்கே?

கடலுக்கும் டிராபிக் ரூல் உண்டு. 1972-ல் உலக நாடுகள் சேர்ந்து செய்த விதி. எஞ்சின் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே வெள்ளை விளக்கு. இழுவலை இழுக்கும் படகு, வெள்ளைக்கு மேலே ஒரு பச்சை விளக்கும் காட்ட வேண்டும். மற்ற வலை விரித்த படகுக்கு வெள்ளைக்கு மேலே சிவப்பு. துடுப்புப் போட்டுப் போகிறவர்கூட கையில் ஒரு டார்ச் வைத்துக்கொண்டு, மோதல் வருமுன் அடித்துக் காட்ட வேண்டும்.

இங்கே எத்தனை படகில் இது நடக்கிறது?

மீனைக் கவர்ந்து இழுக்க எல்.இ.டி. விளக்குப் போட்டுப் பிடித்தார்கள். 2017-ல் மத்திய அரசு அதற்குத் தடை போட வேண்டி வந்தது. என்ன வேடிக்கை பாருங்கள்! மீனை மயக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்து விளக்கு வாங்க முடிகிறது. எதிரே வரும் மனிதனுக்குக் காட்ட ஒரு சின்ன விளக்கு வாங்க முடியவில்லை!

சின்னப் படகுக்காரர்களும் தூண்டில்காரர்களும் இதில் தப்பிக்க முடியாது. விளக்கு வைத்தால் பக்கத்துப் படகு இடத்தைத் தெரிந்துகொள்ளும் என்று சிலர் அணைத்து வைக்கிறார்கள். மீன் ஓடிவிடும் என்று பாறை மேல் டார்ச் அடிக்காமல் இருக்கிறார்கள். இருட்டில் ஒளிந்துகொண்டு, "என்னை ஏன் பார்க்கலை?" என்று சண்டைக்குப் போனால் எப்படி?

ராமேஸ்வரத்தைப் பாருங்கள்

பாக் நீரிணை குறுகலான கடல். அங்கே விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் இறங்கினால் மோதல்தான். அதனால் ராமேஸ்வரம் பக்கம் நாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏற்பாடு மீறப்படுவது உண்டு, முணுமுணுப்பும் உண்டு. ஆனாலும் பேசி முடித்த ஏற்பாடு என்ற மதிப்பு அதற்கு இருக்கிறது.

அங்கே வாரத்தைப் பங்கு போட முடிகிறது. இங்கே ஒரு ராத்திரியைப் பங்கு போட முடியாதா?

காசிமேட்டுச் சங்கத்தார், குப்பத்துப் பெரியவர்கள், மீன்வளத்துறை அதிகாரிகள் மூன்று தரப்பும் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். எந்தப் பாறையோரம் தூண்டிலுக்கு, அங்கிருந்து படகு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், துறைமுகத்துக்கு வரும் வழியில் எங்கே வலை விரிக்கக் கூடாது என்று எழுதி, ஏலக் கூடத்திலும் டீக்கடையிலும் ஒட்டிவிடலாம். விளக்கு இல்லாத படகு ராத்திரியில் இறங்கக் கூடாது. வலையின் இரண்டு முனையிலும் விளக்கு மிதவை கட்ட வேண்டும். சின்னப் படகுக்காரருக்கு விளக்கை மானிய விலையில் கொடுத்தால் அரசாங்கம் ஒன்றும் ஏழையாகிவிடாது.

கோட்டுக்குள் வரும் விசைப்படகைப் பிடிக்க, மீன்வளத்துறையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் ராத்திரியில் ரோந்து போக வேண்டும். மண்டை உடைந்த பிறகு ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் கேஸ் எழுதுவது சுலபம். கிழிந்த வலையை அந்தக் கேஸ் தைத்துக் கொடுக்காது.

காலையில் மார்க்கெட்டில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "என்னம்மா, மீன் இவ்வளவு விலை சொல்றியே?" என்று பேரம் பேசுகிறோம். அந்தக் கூடைக்குப் பின்னால், ராத்திரி போன வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி வருவாரா என்ற கவலை இருக்கிறது.

அடுத்த கல் பறப்பதற்கு முன்னால் விளக்கு எரியட்டும். கவனிக்க வேண்டியவர்கள் கவனிப்பார்களா?