வேலியும் போயிற்று, வறையும் போயிற்று

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் எங்கள் பத்திரிகைகளில் ஒரு விவாதம் தவறாமல் எழும். வருடம் பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கப்படி எது, திருக்கணித பஞ்சாங்கப்படி எது, மருத்துநீர் வைப்பது எப்போது, கைவிசேடம் கொடுப்பது எப்போது, உடுக்கும் ஆடையின் நிறம் என்ன என்றெல்லாம் பத்தி பத்தியாக அச்சாகும். ஆனால், அன்று மதியம் வாழையிலையில் என்னென்ன கறிகள் இருக்க வேண்டும் என்று எவரும் விவாதித்ததில்லை. அது வீட்டுப் பெண்களின் காரியம் என்று விடப்பட்டது. அவ்வாறு விடப்பட்டதாலேயே அது நம் கண்முன்னே குறைந்துகொண்டு போகிறது என்பது என் கருத்து.

சோறும் பருப்பும் வடையும் பாயாசமும் தமிழர் வாழும் இடமெங்கும் உண்டு. ஒரு குடும்பம் எந்த மண்ணைச் சேர்ந்தது என்பதைச் சொல்பவை சோற்றைச் சுற்றி வைக்கப்படும் கறிகளே. வருடப் பிறப்பன்று யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் மச்சம் இல்லை. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பால்கறி, பூசினிக்காய்க் கறி, பயிற்றங்காய்ப் பிரட்டல், ஒரு கீரைக்கறி, ஒரு வறை, மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், இறுதியில் சொதி. மட்டக்களப்புக்குப் போனால் எருமைத் தயிரும் மரமுந்திரிகைப் பருப்புக் கறியும் அந்த இலையில் இடம்பிடிக்கும். மலையகத்தில் சாம்பாரும் இரசமும் கூட்டும் அவர்களுடைய முன்னோர் கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும். ஒரே நாள், ஒரே பண்டிகை. இலைகள் மட்டும் வேறு வேறு.

இக்கறிகளை வெறும் பக்கத்துணை என்று கருதுவது தவறு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அறிவு இருக்கிறது. ஒரு தேங்காயைத் துருவி மூன்று முறை பால் பிழிவார்கள். தண்ணீர்ப்பாலான மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும். கெட்டியான முதற்பால் இறக்குவதற்குச் சற்று முன்னரே சேரும். நெடுநேரம் கொதித்தால் திரைந்துவிடும். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி விடுவது அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். வேப்பம்பூவோ வேனிலில் தானாகவே முற்றத்தில் உதிர்வது. அதைப் பொறுக்கி, உழுந்தும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தட்டி, வெயிலில் காயவைத்து எடுத்தால் அடுத்த மழைக்காலம் வரை வடகம் இருக்கும். காசு கொடுத்து வாங்காத ஒரு பொருளைப் பண்டிகைப் பந்தியின் சிறப்புப் பண்டமாக்கிய சமூகம் இது.

யுத்தம் இவற்றை அழித்துவிட்டது என்று சொல்வது சுலபம். நான் அதனை முழுமையாக ஏற்கமாட்டேன். 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட பின்னர், மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்த ஆண்டுகளில், முருங்கை இலையும் வேலிக் கீரையும்தான் பல வீடுகளில் உலையைக் காப்பாற்றின. யுத்தத்தால் முடியாததை அதற்குப் பிந்திய காலம் சத்தமில்லாமல் செய்கிறது.

முசுட்டை இலை வறையை எடுத்துக்கொள்ளுங்கள். முசுட்டை எந்தத் தோட்டத்திலும் வரிசையாக நடப்படும் பயிரன்று. கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலியில் படர்ந்து கிடக்கும் கொடி அது. தூதுவளையும் குறிஞ்சாவும் அப்படியே. வெளிநாட்டுப் பணம் வந்ததும் நாம் முதலில் செய்த காரியங்களில் ஒன்று வேலியைப் பிடுங்கி மதில் கட்டியது. மதிலில் முசுட்டை தானாக வந்து படராது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள் அம்மாவின் வறையைக் கேட்கிறார்கள். அந்த வறைக்குரிய இலை, அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மதிலுக்கு அடியில் போய்விட்டது. அவர்களை நான் குறை கூறவில்லை. பாதுகாப்பும் கௌரவமும் வேண்டித்தான் மதில் எழுந்தது. ஆனால் விலை ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை உணர வேண்டும்.

அடுத்தது தேங்காய். 2024 இன் இறுதியிலும் 2025 இலும் இலங்கையில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாயைத் தொட்டபோது, பால்கறி ஏழைக்கு எட்டாத பண்டமாகத் தொடங்கியது. மூன்று பால் பிழியும் சிக்கனமும் அந்த விலைக்கு முன்னால் தோற்றது.

எல்லாவற்றிலும் பெரிய காரணம், நாம் பேசக் கூசும் காரணம், உழைப்பு. பத்துக் கறி என்றால் பத்துக் காய் நறுக்க வேண்டும். இரண்டு மூன்று தேங்காய் துருவ வேண்டும். அதனை ஒரு பெண் விடியற்காலையில் தொடங்கி முடிப்பாள். புண்ணிய காலத்தில் எல்லோரும் கோயிலுக்குப் போய்வர, அவள் அடுப்படியில் நிற்பாள். அவளுடைய மகள் இன்று வங்கியிலோ வைத்தியசாலையிலோ வேலை செய்கிறாள். அவள் ஓடர் கொடுத்துச் சாப்பாடு எடுத்தால், பண்பாடு போகிறது என்று சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கவலைப்படும் ஆண்களுக்கு அந்த உரிமை இல்லை. திருவலையில் ஒரு நாளாவது அமர்ந்தவர் கவலைப்படட்டும்.

எனவே புகழ்ச்சி போதாது. வேலையைப் பங்கிட வேண்டும். வரும் சித்திரையில் வீட்டில் ஆளுக்கொரு கறி என்று வைத்துக்கொண்டால் என்ன? தேங்காய் துருவுவது தகப்பனுக்கு, பச்சடி பிள்ளைகளுக்கு, சொதி மருமகனுக்கு. பத்து முடியாவிட்டால் நான்கு போதும். ஆனால் அந்த நான்கும் சொந்த ஊரின் கறிகளாக இருக்கட்டும். வயது சென்ற தாய்மார் இருந்தால் அவர்கள் சொல்லும் அளவை எழுதிக்கொள்ளுங்கள். "கைப்பிடி", "கண் அளவு" என்பார்கள். அருகில் நின்று அந்தக் கைப்பிடியை நிறுத்தே பாருங்கள். மதில் கட்டியவர்கள் அதன் ஓரத்தில் ஒரு கம்பி கட்டி முசுட்டைக் கொடி ஒன்றை ஏற்றிவிடலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் பஞ்சாங்கங்கள் முரண்படலாம். அதனால் எவருக்கும் நட்டமில்லை. சொதி வைக்கத் தெரிந்த கடைசி ஆள் வீட்டிலிருந்து போய்விட்டால், அதைத் திருப்பித் தர எந்தப் பஞ்சாங்கத்திலும் சுபநேரம் கிடையாது.