சீலைக்குள் நிற்கும் தேர்

கடற்கரை ஊரான திருவிடந்தையைச் சுற்றி இப்போதெல்லாம் பூங்காப் பேச்சுதான். மேற்கே திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா வந்துவிட்டது. 60 ஏக்கருக்கு மேல் நிலம், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, தண்டவாளத்துக்குக் கீழே ஆட்களைத் தொங்கவிட்டபடி ஓடும் ஒரு ரோலர் கோஸ்டர். தஞ்சாவூரை நினைவுபடுத்தும்படி அதற்குத் ‘தஞ்சோரா’ என்று பெயர். வடக்கே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு தொண்ணூறுகளிலிருந்து இருக்கிறது. 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்த திருவிடந்தையிலேயே 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ஆன்மிக, பண்பாட்டுப் பூங்கா அமைக்கும் அரசுத் திட்டமும் சில ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. இவற்றைப் பற்றி வரும் செய்திகளை இந்த வாரம் வரிசையாக வைத்துப் படித்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. என்ன கதை, என்ன அலங்காரம், எத்தனை அடி உயரம், எத்தனை கோடி என்று எல்லாம் இருக்கிறது. இருபதாவது ஆண்டில் இந்த இரும்பை யார் தட்டிப் பார்ப்பார்கள் என்று மட்டும் எங்கும் ஒரு வரி இல்லை. திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் நாளுக்கு ஒரு பெண்ணாக 360 பெண்களை மணந்த தலபுராணத்தை யாராவது ராட்டினமாக்கினாலும் ஆச்சரியமில்லை. ஆக்கட்டும், தவறில்லை. அந்த ராட்டினத்தின் அச்சைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வண்ணப்பூச்சின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழகிய ஒன்று. கருங்கல் தூணுக்கு எனாமல் பூசுவதையும், பூசியதைச் சுரண்ட மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளை மழுக்குவதையும் இங்கே பலமுறை கண்டித்திருக்கிறேன். பூச்சு அழுக்கை மறைக்கிறது என்பதோடு என் குறை நிற்கவில்லை. பழுது எங்கே என்று தேடும் கண்ணையும் அது மறைத்துவிடுகிறது. இந்தக் கடற்கரையில் அது பெருங்கேடு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். பல்லவர் காலத்துக் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்து முகங்களை மழுக்கிவிட்டது. தொல்லியல் துறை அலைகளைத் தடுக்கக் கற்களைக் கொட்டி, காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்து, காகிதக் கூழை அப்பிக் கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. ஒரு தடவையோடு தீருகிற வேலை அல்ல; உப்பு வந்துகொண்டே இருக்கும், கூழும் அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லுக்கே இந்தப் பாடு என்றால், அதே காற்றில் நிற்கும் இரும்புத் தூணுக்கும் போல்ட்டுக்கும் மின் இணைப்புக்கும் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ராட்டினம் பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதில்லை. ஒரு தடவையில் முறிக்க முடியாத சுமையும் லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பை முறித்துவிடும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ரயில் அச்சுகளைச் சோதித்துக் காட்டினார். நாளுக்கு 100 தடவை ஓடி, ஒவ்வொரு தடவையும் 20 முறை ஊசலாடும் ராட்டினத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 6 லட்சம் ஊசலாட்டம், பத்தாண்டில் 60 லட்சம். வெல்டிங் விளிம்பில் மயிரிழை அளவில் தொடங்கும் விரிசல் இத்தனை ஆட்டத்தில் வளர்கிறது. உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக வளர்கிறது. அதைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. சாயத்தை ஊற்றித் துடைத்துப் பார்க்கலாம், காந்தத் துகளைத் தூவலாம், மீயொலியைச் செலுத்தலாம். சாயத்துக்குப் பூச்சை நீக்கிய வெறும் இரும்பு வேண்டும்; காந்தத் துகளுக்கும் பூச்சு தடிமனாக இருக்கக்கூடாது. எந்தச் சோதனைக்கும் அந்த இடத்துக்குக் கை போக வேண்டும். பழைய ராட்டினத்துக்குப் புது வேஷம் போடும்போது முதலில் அடைபடுவது இந்த வழிதான். கண்ணாடியிழையில் செய்த யானைத்தலையை மாட்டினால் மூன்று தொல்லைகள் ஒன்றாக வருகின்றன. எடை கூடுகிறது, தலைக்குப் பின்னால் ஈரம் தேங்குகிறது, சோதிக்க வேண்டிய மூட்டு கண்ணில் படாமல் போகிறது. ராட்டினத்தைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அதற்குள் மூடப்பட்டிருந்தால், எவ்வளவு கூடுதல் எடை தாங்கும் என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

டிஸ்னி போன்ற பணபலம் உள்ளவர்களுக்கே இந்த வேஷ மாற்றம் எளிதாக இல்லை. இனவாதக் குற்றச்சாட்டுக்கு ஆளான 1946ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் அடிப்படையில் அமைந்த ‘ஸ்ப்ளாஷ் மவுண்டன்’ என்ற நீர்ச்சறுக்குப் படகை மாற்றுவதாக 2020இல் அறிவித்தார்கள். ஃப்ளோரிடா பூங்காவில் அது புதிய கதையோடு திறந்தது 2024 ஜூனில். பழைய வாய்க்கால், பழைய இறக்கம், மேலே புதிய பொம்மைகள், புதிய பாட்டு. திறந்த பிறகும் அடிக்கடி நின்றது. கதை மாறியதற்குக் காரணம் நியாயமானது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1992இல் திறந்த ஒரு இயந்திரம் கதை மாறியதால் இளமையாகிவிடாது. நம் பக்கத்து நிகழ்வுகள் இதைவிடக் கசப்பானவை. 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தை வெள்ளோட்டம் பார்த்தபோது ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இருவர் இறந்தனர். 2025 மே மாதம் இஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோக, குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் ராட்சத ஏணி கொண்டு இறக்க வேண்டியிருந்தது.

சாலையில் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கை அவர்கள் பக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கை தானாக வந்ததில்லை. காலையில் கூட்டம் வருவதற்கு முன்னே வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பவர், போல்ட்டில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பவர், மடியை அழுத்தும் கம்பியின் பூட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பவர் ஆகியோர் அன்றாடம் உண்டாக்கும் எண்ணிக்கை அது. அதைக் காட்டி அவர்களின் சம்பளத்தையே வெட்டினால் எண்ணிக்கை மாறிவிடும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே என்பது இன்னொரு வாதம். கிஷ்கிந்தாவில் விபத்து நடந்தது வெள்ளோட்டத்தில் என்பதே அதற்குப் போதுமான பதில். வயது மட்டுமே குற்றமென்றால் 1927இல் நியூயார்க் கோனி தீவில் வந்த மர ரோலர் கோஸ்டர் இன்றுவரை ஓட முடியாது. வியன்னாவின் 1897ஆம் ஆண்டு ராட்சத ராட்டினம் இன்னும் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரில் எரிந்த அதை மீண்டும் எழுப்பியபோது, 30 பெட்டிகள் இருந்த இடத்தில் 15 மட்டுமே மாட்டினார்கள். பழைய சட்டத்தின் பலத்தை மதித்துச் சுமையைப் பாதியாக்கினார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே செய்தார்கள்.

இதற்காக வியன்னா வரை போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிழடான ஒரு பெரிய வண்டியை, ஆட்களை ஏற்றி, கூட்டத்தின் நடுவே, அலங்காரம் மாற்றி மாற்றி ஓட்டும் கலை பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேரைச் சொல்கிறேன். பூங்கா கட்டுபவர்கள் படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. அலங்கரித்த தேரின் உயரம் 96 அடி. அதில் சிற்பங்கள் செதுக்கிய மரப்பகுதி 30 அடிதான். அதற்கு மேல் மூங்கில் கட்டுமானம் 48 அடி, விமானம் 12 அடி, கலசம் 6 அடி. அதாவது கண்ணைப் பறிக்கும் சீலையும் தொம்பையும் தோரணமும் தொங்கும் 66 அடியில் பெரும்பகுதி, விழாவுக்காகக் கட்டி, விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுகிற வேலை. ஆண்டுதோறும் தேர் தன் வேஷத்தைக் களைந்து மரமும் இரும்புமாக நிற்கிறது. தச்சர் கண்ணுக்கு ஒவ்வொரு பொருத்தும் தெரிகிறது. அடுத்த ஆண்டு சீலையின் நிறம் மாறலாம், வடிவம் மாறலாம்; அச்சை அது தொடுவதில்லை. அலங்காரம் ஒரு தனிப் பொருள், சட்டம் ஒரு தனிப் பொருள் என்ற இந்தப் பிரிவினையைத்தான் கண்ணாடியிழையைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டுகிற நம் பூங்காக்காரர்கள் கைவிட்டார்கள்.

ஆழித்தேரின் வரலாறே பராமரிப்பின் வரலாறுதான். பழைய தேர் 1920களில் தீக்கிரையானது. புதிய தேர் 1930இல் ஓடத் தொடங்கி 1948இல் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலையிலேயே கிடந்ததை 1970இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது மீண்டும் ஓட்டினார்கள். திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு வந்தன. சுமார் 300 டன் எடையை வெறும் முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியவர்கள் எத்தனை உயிர் அபாயத்தில் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் அந்த பிரேக்கின் அருமை புரியும். 2010க்குப் பிறகு மறுபடி தேரைப் பிரித்து, பழுதான மரங்களை மாற்றிச் சேர்த்தார்கள். விழா சில ஆண்டுகள் தேரில்லாமல் நடந்தது; பக்தர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் நிறுத்தினார்கள். இரும்புச் சக்கரம் மரபைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே சீலை அதே சீலை, உள்ளே ஏறுகிறவர் அதே தியாகராசர். கீழே மட்டும் காலத்துக்குத் தக்க உலோகம். வெளித்தோற்றத்தைப் புதுப்பித்து உள்ளுறுப்பைப் பழையதாக விடும் பூங்கா வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

தேர் ஆண்டில் ஒரு தடவை, நடைவேகத்தில் ஓடுவது. ராட்டினம் தினமும் நூறு தடவை, தலைகீழாகவும் சுழல்வது. இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அந்த வேறுபாடு என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. ஆண்டில் ஒரு நாள் ஓடுவதற்கே இத்தனை பிரிப்பும் பூட்டலும் தேவையென்றால், தினமும் ஓடுவதற்கு எவ்வளவு தேவை? தேர்களும் தவறாமல் ஓடிவிடவில்லை. 2024 ஜூனில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. நல்லவேளை, பெருந்தீங்கு நேரவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சப்பரத்தின் உச்சி, மேலே போன மின்கம்பியைத் தொட்டு 11 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தை எளிதில் கடந்துபோக எனக்கு மனமில்லை. வண்டி முறியவில்லை, சக்கரம் கழலவில்லை. அலங்காரத்தின் உயரத்துக்கும் கம்பியின் உயரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று புறப்படும் முன் அளந்து பார்த்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள். வழக்கமாகப் போகிற வண்டி, வழக்கமாகப் போகிற பாதை என்ற நம்பிக்கைதான் பழைய ராட்டினத்திலும் ஆளைக் கொல்கிறது.

புதுக் கதை இல்லாவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் இல்லாவிட்டால் பராமரிப்புக்குப் பணம் ஏது என்பது பூங்கா நடத்துபவர்களின் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. சீலை கட்டாத தேரைப் பார்க்க யாரும் மாடவீதிக்கு வரமாட்டார்கள். அலங்காரத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழற்ற முடிகிற அலங்காரத்தைத்தான் கேட்கிறேன். கதவு வைத்த யானைத்தலை, திறந்தால் மூட்டு தெரிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் களையக்கூடிய ஓடு, களையும்போது ராட்டினத்துக்கு விடுமுறை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 15475 என்ற தரத்தை 2004இலேயே கொண்டுவந்துவிட்டது. நாடு முழுவதற்குமான தனிச்சட்டம்தான் இல்லை. ராஜ்கோட்டில் 2024 மே மாதம் விளையாட்டுக் கூடம் எரிந்து 27 பேர் இறந்த பிறகே குஜராத் தனி விதிகளை வகுத்தது. நாம் அப்படி ஒரு மே மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

திருவிடந்தைத் திட்டம் தனியாருக்கு நீண்ட காலக் குத்தகையாகப் போகுமானால், குத்தகையின் கடைசி ஐந்தாண்டுகளை இப்போதே நினைக்க வேண்டும். விட்டுவிட்டுப் போகப்போகிறவர் புது அச்சு வாங்கமாட்டார். பூச்சு மட்டும் அடிப்பார். அந்த ஐந்தாண்டுகளுக்கான பராமரிப்புப் பணத்தை முதல் ஆண்டிலேயே வைப்புத்தொகையாக வாங்கி அரசு தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு இந்தக் கடற்கரையில் செல்லாது. தெற்கே மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசின் சிற்பக் கல்லூரி இருக்கிறது. மரமும் கல்லும் சுதையும் உலோகமும் கற்றவர்கள் அங்கிருந்து வருகிறார்கள். அதற்கும் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உலோகத்தை உடைக்காமல் உள்ளே விரிசல் தேடுவதும், கடற்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதும் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. சோழர் செப்புத் திருமேனிகளையே அந்த முறையில் சோதித்தவர்கள் அவர்கள். சிற்பக் கல்லூரியில் படித்த சிலருக்கும் கல்பாக்கத்தில் பயிற்சி பெற்ற சிலருக்கும் நிரந்தரச் சம்பளத்தில் வேலை என்ற ஒரு வரியை ஒப்பந்தப் புள்ளியில் எழுதுங்கள். எந்த ராட்டினத்தை எப்போது நிறுத்துவது என்ற முடிவு பூங்கா மேலாளரிடம் இருக்கக்கூடாது, அவர்களிடம் இருக்க வேண்டும் என்று அடுத்த வரியையும் எழுதுங்கள்.