கனவு அணியில் மூளை யாருக்கு?

அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லாக் காலத்துக்குமான கனவு அணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரும்பாலோரின் பட்டியல் டாம் பிராடி, ஜோ மொன்டானா, பெய்டன் மேனிங் என்று தொடங்கும். இவர்கள் மூவரும் குவாட்டர்பேக்குகள். பந்தைக் கையில் வாங்கி, ஆட்டத்தைப் படித்து, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர்தான் குவாட்டர்பேக். அடுத்ததாக, பந்தோடு ஓடுகிறவர்களும் எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்களும் வருவார்கள். வால்டர் பேட்டன், ஜெர்ரி ரைஸ் என்று பெயர்கள் தொடரும். இங்கே நிறம் மாறிவிடுகிறது. முடிவெடுப்பவர்கள் வெள்ளையர்கள், ஓடுகிறவர்கள் கருப்பர்கள்.

இது தற்செயல் என்று சொல்ல முடியாது. 2019-இல் என்.எஃப்.எல். தனது 100-ஆவது சீசனை ஒட்டி 100 வீரர்கள் கொண்ட அதிகாரபூர்வக் கனவு அணியை அறிவித்தது. அதில் இருந்த குவாட்டர்பேக்குகள் 10 பேர். பத்துப் பேரும் வெள்ளையர்கள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குகள் 12 பேரில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். தேர்வுக்குழுவைக் கேட்டால் "நாங்கள் நிறத்தைப் பார்க்கவில்லை, சாதனைகளைத்தான் பார்த்தோம்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவருடைய கையில் பந்தைக் கொடுத்தால்தானே அவர் பெயரில் சாதனை சேரும்? யாருக்குப் பந்து கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் நமது கேள்வி.

இந்த லீக் 1920-இல் தொடங்கியபோது அதில் கருப்பின வீரர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டு சாம்பியனான ஆக்ரன் அணியின் நட்சத்திரம் ஃபிரிட்ஸ் போலார்ட். அடுத்த ஆண்டே அவர் அந்த அணியின் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். ஆனால் 1934 முதல் 1945 வரை, 12 ஆண்டுகள், ஒரு கருப்பின வீரர்கூட லீக்கில் இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்கள் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எழுதப்படாத விதிகள் எப்படி வேலை செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கென்னி வாஷிங்டன் 1939-இல் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர். பின்னாளில் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அவருடைய அணித்தோழர். வாஷிங்டனை என்.எஃப்.எல். எடுக்கவில்லை. 1946-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து, மக்கள் வரிப்பணத்தில் கட்டிய கொலிசியம் அரங்கைக் கேட்டது. கருப்பினப் பத்திரிகையாளர்கள் விடவில்லை. பொது அரங்கு வேண்டுமென்றால் கருப்பின வீரர்களுக்கும் அணியில் இடம் வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் வாஷிங்டனும் வூடி ஸ்ட்ரோடும் சேர்க்கப்பட்டார்கள். வாஷிங்டனுக்கு அப்போது 27 வயது. மூன்று சீசன்கள்தான் ஆடினார். அதற்குள் 1947-இல் 92 கெஜம் ஓடி ஒரு டச்டவுன் எடுத்தார். அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகளுக்கு என்.எஃப்.எல். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. எந்தக் கனவு அணித் தேர்வும் இந்த வெற்றிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கதவு திறந்த பிறகும் எல்லா இடமும் திறக்கவில்லை. சமூகவியலில் இதை 'ஸ்டாக்கிங்' என்பார்கள். ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற ஆய்வாளர்கள் 1970-இல் இதை எழுதினார்கள். களத்தின் மையத்தில், முடிவெடுக்கும் இடங்களில் வெள்ளையர்களும், ஓரத்தில், வேகமும் உடல்வலுவும் கேட்கும் இடங்களில் கருப்பர்களும் குவிக்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் காட்டியது. வேலையைப் பிரிப்பதற்கும் வேலை செய்பவர்களைப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அம்பேத்கரிடம் படித்தவர்கள் நாம். மைதானத்தில் நடந்தது இரண்டாவது வகை.

மார்லின் பிரிஸ்கோவைப் பாருங்கள். 1968-இல் டென்வர் அணிக்காக ஆடிய அவர், நவீன காலத்தில் தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கிய முதல் கருப்பினத்தவர். முதல் ஆண்டிலேயே 14 டச்டவுன் பாஸ்கள். அடுத்த ஆண்டு அந்த அணியில் அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. வேறு அணிக்குப் போய், பந்து பிடிப்பவராக மாறித்தான் பிழைக்க வேண்டியிருந்தது.

"பிராடியைக்கூடத்தான் யாரும் மதிக்கவில்லையே, 2000-இல் 199-ஆவது ஆளாகத்தானே எடுத்தார்கள்" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. சரிதான். ஆனால் அவரை குவாட்டர்பேக்காகத்தான் எடுத்தார்கள். உனக்கு இந்த வேலை ஒத்துவராது, ஓடிப்போய்ப் பந்தைப் பிடி என்று யாரும் சொல்லவில்லை. திறமையைக் குறைத்து மதிப்பிடுவது வேறு, ஒரு கூட்டத்துக்கே அந்தத் திறமை இருக்காது என்று முடிவு கட்டுவது வேறு.

ஆகவே நமது அணிக்கு ஒரே ஒரு விதி. மூடிய கதவைத் தள்ளித் திறந்து வந்தவர்களாக இருக்க வேண்டும். வந்தபிறகு, எந்த அளவுகோலை வைத்தாலும் சோடை போகாதவர்களாக இருக்க வேண்டும்.

குவாட்டர்பேக் வாரன் மூன். 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தின் சிறந்த வீரர். அப்படியும் என்.எஃப்.எல். அவரை குவாட்டர்பேக்காகப் பார்க்கத் தயாராக இல்லை. அவர் கனடாவுக்குப் போனார். அந்த ஆண்டு டிராஃப்டின் 12 சுற்றுகளிலும் அவர் பெயர் வரவில்லை. கனடாவில் எட்மன்டன் அணியுடன் தொடர்ச்சியாக ஐந்து கோப்பைகளை வென்றார். 1984-இல்தான் ஹூஸ்டன் அணி அவரை அழைத்தது. அதன்பிறகு அவர் எறிந்து சேர்த்தது 49,325 கெஜம். 2006-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கருப்பின குவாட்டர்பேக் ஆனார். அந்த ஆறு ஆண்டுகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மாற்று குவாட்டர்பேக் டக் வில்லியம்ஸ். வாஷிங்டன் நகரத்து அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் கடைசிவரை கருப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்தவர். அரங்கம் மத்திய அரசின் நிலத்தில் இருந்ததால் கென்னடி அரசு நெருக்கடி கொடுத்தது. பிறகுதான் 1962-இல் பாபி மிட்செல் முதலானோர் அந்த அணியில் இறங்கினார்கள். அதே அணியை 1988 ஜனவரியில் சூப்பர் பவுல் வெற்றிக்கு வழிநடத்தியவர் டக் வில்லியம்ஸ். இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் பாஸ்கள். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹால் ஆஃப் ஃபேம் 1963-இல் கௌரவித்த முதல் தொகுதியிலேயே மார்ஷலின் பெயர் இருந்தது. ஃபிரிட்ஸ் போலார்டுக்கு அந்தக் கௌரவம் 2005-இல், அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

ஓட்டத்துக்கு வால்டர் பேட்டன், மேரியன் மோட்லி. பிடிப்பதற்கு ஜெர்ரி ரைஸ், பாபி மிட்செல். நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் சென்டர் இடமும் 'யோசிக்கிற' இடமாகக் கருதப்பட்டதுதான். அதற்கு டுவைட் ஸ்டீஃபன்சன். அவருக்கு இருபுறமும் ஜீன் அப்ஷா, ஆர்ட் ஷெல், ஜிம் பார்க்கர், ரேஃபீல்ட் ரைட். அப்ஷா பின்னாளில் வீரர்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஷெல் 1989-இல் நவீன என்.எஃப்.எல்.லின் முதல் கருப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

ஓட்டக்காரர் என்றால் ஜிம் பிரவுன் இல்லாமலா என்பீர்கள். ஒன்பது சீசன்களில் எட்டில் அவர்தான் முதலிடம். முகமது அலி போருக்குப் போக மறுத்தபோது 1967-இல் கருப்பின விளையாட்டு வீரர்களைத் திரட்டி அவர் பக்கம் நின்றவரும் பிரவுன்தான். ஆனால் பெண்களைத் தாக்கியதாக அவர்மீது வாழ்நாள் முழுவதும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஓர் ஒடுக்குமுறையை எதிர்த்தவர் என்பதற்காக இன்னொன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் எடுத்த கெஜங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். நமது அணியில் அவர் இல்லை.

பதினோராவது ஆள் ஜான் மேக்கி, டைட் எண்ட். வீரர்கள் சங்கத் தலைவராக இருந்தவர். வீரர்கள் விரும்பிய அணிக்குப் போவதைத் தடுத்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டு, 1976-இல் வென்றவர். முதுமையில் மறதிநோய் அவரை விழுங்கியது. அந்நோய் கண்ட முன்னாள் வீரர்களுக்கான '88 திட்டம்' அவருடைய சட்டை எண்ணின் பெயரால் வந்தது.

இந்த இடத்தில்தான் மூளை என்ற சொல் திரும்பி வருகிறது. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில், கருப்பின வீரரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் முறை இருந்தது. தொடக்கமே குறைவு என்றால் இழந்ததும் குறைவாகத்தானே தெரியும்? இழப்பீடு பெறுவது அவர்களுக்கு அந்த அளவுக்குக் கடினமானது. கருப்பின வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021-இல்தான் அந்த முறையைக் கைவிட லீக் ஒப்புக்கொண்டது. இளமையில் 'உனக்கு அந்த மூளை இல்லை' என்று குவாட்டர்பேக் இடத்தை மறுத்த அதே எண்ணம், முதுமையில் மருத்துவப் படிவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தடுப்பணியில் நான்கு பேரை மட்டும் சொல்கிறோம். ஆலன் பேஜ், 1971-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர். ஆடிக்கொண்டே சட்டம் படித்து, பின்னர் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக 22 ஆண்டுகள் இருந்தவர். டீக்கன் ஜோன்ஸ், சிவில் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர். தடுப்பணிக்கு நடுவில் நின்று கட்டளையிடும் இடத்துக்கு வில்லி லேனியர். கடைசியாக 'நைட் ட்ரெயின்' லேன். குழந்தையாகக் கைவிடப்பட்டு ஒரு தாயால் எடுத்து வளர்க்கப்பட்ட அவர், 1952-இல் தனது முதல் சீசனிலேயே எதிரணியின் பாஸ்களை 14 முறை பறித்தார். அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

மீதி ஏழு இடங்கள் உங்களுக்கு. நிரப்பும்போது எண்ணிக்கைகளைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். கூடவே, ஒவ்வொரு பெயருக்கும் அவரை எந்த இடத்தில் ஆடவிட்டார்கள், எந்த இடத்தில் விடவில்லை என்றும் தேடிப் படியுங்கள். கல்லூரியிலும் வேலைத் தேர்விலும் 'தகுதி' பற்றி நம்மிடம் பேச வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல இந்தப் பயிற்சி உதவும்.