கடைசி ஜீப் வர்றதுக்குள்ள... ஒரே சட்டியில் கோழி சேமியா தம்!

ராச்சாப்பாடு - இந்த வாரம்: கம்பம் பள்ளத்தாக்கு

கம்பத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் மெயின் ரோட்டில் நின்றால், கம்பம்மெட்டு மலையில் இருந்தும் குமுளிப் பக்கம் இருந்தும் ஜீப்புகள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள். அதில் பெண்கள்தான் அதிகம். விடியும் முன்பே தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள். போடிமெட்டுப் பாதையிலும் இதே காட்சிதான்.

அப்படி ஒரு ஜீப்பில்தான் என் அம்மாவும் வருவார். நானும் தம்பியும் வாசலில் காத்திருப்போம். உண்மையைச் சொன்னால், அம்மாவுக்காக மட்டும் இல்லை, சோற்றுக்காகவும்தான். அப்பா திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து, குளித்து, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா இறங்கியதும் காலைக் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவார். சாப்பாடு தயாராக எட்டரை ஆகிவிடும். எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு அவர் தட்டில் கை வைக்கும்போது, தம்பி தூங்கியே போயிருப்பான்.

ஒருநாள் அப்பத்தா கேட்டார்: ``ஏந்தாயி, உங்க ஆத்தா மலையில நின்னுட்டு வந்து இங்கயும் நிக்கணுமா? சட்டி உங்க கையிலெல்லாம் சுடுமா?''

கேள்வி என்னைப் பார்த்து. ஆனால், அது திண்ணை வரைக்கும் கேட்டது.

மறுநாள் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நாங்கள் செய்ததுதான் கோழி சேமியா. அப்பா வெங்காயம் உரித்தார். சேமியா குழைந்து களியாகிவிட்டது. உப்பும் குறைவு. ஆனால், அம்மா வந்தபோது சட்டி இறக்கியாகிவிட்டது. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் களியைப் பல தடவை செய்து பார்த்துத் திருத்தியதுதான் இந்த வார ரெசிப்பி.

அமெரிக்கப் பண்ணை வீட்டிலும் இதே கதை

ஒரே பாத்திரம், வயிறு நிறையும் சாப்பாடு, வீடே சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது என்ற இந்த யோசனைக்கு வெளிநாட்டிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா மாகாணங்களில் வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குதிரை வண்டியில் போகிறவர்கள். பெரும்பாலும் ஊர் மின்சார இணைப்பை வீட்டுக்குள் விடாதவர்கள். விவசாயமும் பெரிய குடும்பமும் அவர்கள் வாழ்க்கை.

அவர்கள் சமையலில் பிரபலமானது நூடுல்ஸ் கேசரோல். முட்டையும் மாவும் பிசைந்து செய்த நூடுல்ஸை வேகவைத்து, கறி, சீஸ், கெட்டியான சூப் எல்லாம் சேர்த்து, மேலே வெண்ணெயில் புரட்டிய ரொட்டித் தூளைத் தூவி ஓவனில் வைப்பார்கள். `யுமசெட்டி' என்று அதில் ஒரு வகையே உண்டு. சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் தலைகுனிந்து, சத்தமில்லாமல் ஜெபம் செய்வது அவர்கள் வழக்கம். அது முடிகிற வரை யாரும் கரண்டியைத் தொடுவதில்லை.

நமக்கு அது ஒன்றும் அந்நியமான சாப்பாடு இல்லை. கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் கறி போட்ட சேமியா பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு உடனே புரிந்துவிடும். நூடுல்ஸுக்குப் பதில் சேமியா, க்ரீம் சூப்புக்குப் பதில் தேங்காய்ப்பால், சீஸுக்குப் பதில் முட்டை, ஓவனுக்குப் பதில் தோசைக்கல். அவ்வளவுதான் மாற்றம்.

தேவையானவை (5 பேருக்கு)

சேமியா - 3 டம்ளர்
கோழிக்கறி (சின்னத் துண்டுகள்) - அரை கிலோ
பெரிய வெங்காயம் - 2 (அல்லது சின்ன வெங்காயம் 20)
தக்காளி - 2
பச்சைமிளகாய் - 3
கேரட், பீன்ஸ், பட்டாணி - எல்லாம் சேர்த்து 1 டம்ளர்
இஞ்சி-பூண்டு விழுது - 1 டேபிள்ஸ்பூன்
மிளகாய்த்தூள் - 1 டீஸ்பூன்
மல்லித்தூள் - 2 டீஸ்பூன்
மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன்
பட்டை - 1 துண்டு, கிராம்பு - 3, ஏலக்காய் - 3
கெட்டித் தேங்காய்ப்பால் - 1 டம்ளர்
தண்ணீர் - 4 டம்ளர்
முட்டை - 3
மிளகுத்தூள் - அரை டீஸ்பூன்
காய்ந்த பிரெட் - 3 துண்டு (அல்லது இனிப்பு குறைந்த ரஸ்க்)
எண்ணெய் - 3 டேபிள்ஸ்பூன், நெய் - 2 டேபிள்ஸ்பூன்
புதினா, மல்லித்தழை - தலா ஒரு கைப்பிடி
உப்பு - தேவைக்கு

ஏலக்காய் 3 போதுமா என்று கேட்காதீர்கள். போடியில் ஏலக்காய் மூட்டை மூட்டையாக ஏலம் போகலாம். அதைப் பறிக்கிறவர்கள் வீட்டு டப்பாவில் அது எண்ணித்தான் இருக்கும்.

செய்முறை

1. அடிகனமான சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் நெய் விட்டு, சேமியாவைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே கொட்டி வையுங்கள். பாக்கெட்டில் `வறுத்தது' என்று போட்டிருந்தாலும் இன்னொரு தடவை வறுப்பது நல்லது.

2. அதே சட்டியில் எண்ணெய் விட்டு பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயத்தைச் சிவக்க வதக்குங்கள். பச்சைமிளகாய், இஞ்சி-பூண்டு விழுது போட்டு பச்சை வாசனை போனதும் தக்காளி, பாதி புதினா, தூள் வகைகள் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள்.

3. கோழியையும் உப்பையும் போட்டுப் புரட்டி, தண்ணீர் விடாமல் மூடிவைத்து 10 நிமிடங்கள் சிறு தீயில் விடுங்கள். கறியே தண்ணீர் விட்டுக்கொள்ளும். நாட்டுக்கோழி என்றால் முதலில் தனியாகக் குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையே 4 டம்ளர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. காய்களைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டுக் கொதிக்க விடுங்கள். கறி வெந்ததும் உப்பு பாருங்கள். இந்தக் கட்டத்தில் தண்ணீர் கொஞ்சம் கரிக்க வேண்டும். சேமியா போட்டதும் சரியாகிவிடும்.

5. தேங்காய்ப்பால் ஊற்றி, லேசாகக் கொதி வந்ததும் சேமியாவைக் கொட்டி ஒரே ஒரு தடவை கிளறுங்கள். மிதமான தீயில் நான்கைந்து நிமிடங்களில் தண்ணீர் இழுத்து, மேலே ஈரம் மட்டும் பளபளக்கும்.

6. முட்டையை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்து, சேமியாவின் மேல் பரவலாக ஊற்றுங்கள். கிளற வேண்டாம். மூடி போட்டு, சூடான தோசைக்கல்லின் மேல் சட்டியைத் தூக்கிவைத்து, சிறு தீயில் 10 நிமிடங்கள் தம் விடுங்கள். முட்டை வெந்து கெட்டியாகியிருக்கிறதா என்று பார்த்து அடுப்பை அணையுங்கள். மூடியபடியே இன்னும் 10 நிமிடங்கள் இருக்கட்டும்.

7. பிரெட்டைப் பொடித்து மீதி நெய்யில் மொறுமொறுப்பாக வறுங்கள். பரிமாறுகிற நேரத்தில் இதையும் மல்லித்தழை, மீதிப் புதினாவையும் மேலே தூவுங்கள். தோசைக்கரண்டியால் கேக் மாதிரி வெட்டி எடுத்துத் தட்டில் வைக்கலாம்.

எங்கள் வீட்டுக் களி சொல்லித் தந்த பாடங்கள்

சேமியா குழைவதற்கு மூன்று காரணங்கள். சரியாக வறுக்காதது, கொதி வரும் முன்பே போடுவது, பயத்தில் கிளறிக்கொண்டே இருப்பது. மூன்றையும் முதல் நாளே நாங்கள் செய்தோம். நான்காவதாக ஒன்றும் உண்டு. வெந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறப்பது. அது தம்பியின் வேலை.

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்வதால் இதை வெளியே வைத்து மறுநாள் காலை சாப்பிட வேண்டாம். அன்று ராத்திரியே காலி செய்துவிடுங்கள்.

கறி வேண்டாம் என்றால்

தை மாதம் பச்சை மொச்சை கிடைக்கும்போது, கோழிக்குப் பதில் இரண்டு டம்ளர் மொச்சையைத் தனியாக வேகவைத்துச் சேர்த்துப் பாருங்கள். கோழியே வேண்டாம் என்பீர்கள். மற்ற மாதங்களில் மீல்மேக்கர், காளான், ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை எல்லாமே சரிப்படும். முட்டையும் வேண்டாம் என்றால் அதை விட்டுவிட்டுத் தம் போடுங்கள். வெட்டி எடுக்க வராது, ருசி குறையாது.

யாருக்கு என்ன வேலை?

ரெசிப்பியைவிட இதுதான் முக்கியம். ஒரே சட்டி என்பதால் மட்டும் வேலை குறைந்துவிடாது. பங்கு போட்டால்தான் குறையும். எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி:

ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்குத் தேவையான சேமியாவை வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் போட்டுவிடுவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டாணி உரிப்பது, புதினா ஆய்வது, பிரெட் பொடிப்பது எல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை. தேங்காய் துருவிப் பால் எடுப்பது அப்பத்தா. வெங்காயமும் கறியும் அப்பா. அடுப்புப் பக்கம் நிற்பது பெரியவர்களில் ஒருவர். கொதிக்கிற சட்டியைத் தூக்கி தோசைக்கல்லில் வைப்பதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால், ஏழு ஏழேகாலுக்குத் தம் முடிந்துவிடும்.

அம்மாவுக்கு என்ன வேலை? கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருவது.

ஏலத்தோட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பனியன் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர், ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து வருகிறவர் என உங்கள் வீட்டிலும் கடைசியாக வந்து சேருகிற ஒருவர் இருப்பார். அவரே அடுப்பையும் பற்ற வைக்க வேண்டியிருந்தால், இந்த வாரம் ஒரே ஒரு ராத்திரி இதைச் செய்து பாருங்கள்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். தம்பிதான் சமைத்தான். நான் மூடியைத் திறக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டான். ``அம்மா வரட்டும்க்கா.''

ஏழரைக்கு ஜீப் வந்தது. அம்மா உள்ளே வந்து, மூடியிருந்த சட்டியைப் பார்த்தார். ``இன்னிக்கு குழைஞ்சிருச்சா?'' என்று கேட்டார்.

குழையவில்லை. ஆனாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் பன்னீர் திராட்சை ஒரு கொத்தை அப்பா கழுவிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்.

உங்கள் வீட்டில் அம்மா தவிர மற்றவர்கள் சேர்ந்து சமைக்கிற சாப்பாடு எது? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு ஊர் ராச்சாப்பாட்டோடு சந்திப்போம்.